மூக்குக் கண்ணாடிப் பாடகர்

1959-ம் ஆண்டின் ஆரம்பம். அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடைகளுக்கு ஒரு புதிய தட்டு வந்து சேர்ந்தது.

பெரிய தட்டு. பக்கத்துக்கு 6 பாட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து 12 பாட்டு. 'பட்டி ஹாலி கதை' என்பது அதன் பெயர்.

பெயரில்தான் கதை. உள்ளே இருந்தவை எல்லாம் பாட்டுகள். முன்பே சின்னச் சின்னத் தட்டுகளாக வெளிவந்த பாட்டுகளில் நல்லவற்றைப் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தொகுத்திருந்தார்கள்.

கடைக்காரர் அதை அலமாரியில் அடுக்கியபோது, பாடியவர் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன் விமானம் விழுந்து இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 22.

பட்டி ஹாலி புகழோடு இருந்த காலம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான். அவர் பாடுவதை நேரில் கேட்காதவர்கள், அவர் பெயரையே அறியாதவர்கள், அவர் இறந்த பின் பிறந்தவர்கள், இப்படி எத்தனையோ பேருக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தது அந்த ஒரு தட்டு.

அவருடைய வாழ்க்கை சிறியது. சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆனால் சுவையான வாழ்க்கை.

பருத்திச் சீமையில் பிறந்தவர்

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் லப்பக் என்று ஓர் ஊர். எங்கு பார்த்தாலும் சமவெளி. பருத்தி விளையும் பூமி. காற்று அடித்தால் புழுதி வானத்தை மறைக்கும்.

அந்த ஊரில் 1936-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந்தேதி ஹாலி பிறந்தார். தகப்பனார் பெயர் லாரன்ஸ். தாயார் எல்லா. நான்கு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. சார்லஸ் ஹார்டின் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் 'பட்டி' என்றே கூப்பிட்டார்கள். நம் காதுக்கு அது மாட்டுப் பட்டி போலக் கேட்கும். அவர்கள் மொழியில் தோழன் என்று அர்த்தம்.

தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகும் குடும்பம். வசதி அதிகம் இல்லை. பாட்டு மட்டும் வீட்டில் குறைவில்லாமல் இருந்தது.

பட்டிக்கு 5 வயது. அண்ணன்மார் ஒரு பாட்டுப் போட்டிக்குப் புறப்பட்டார்கள். தானும் வருவேன் என்று பையன் அடம் பிடித்தான். கையில் ஒரு பிடில். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் லாரி ஒரு தந்திரம் செய்தார். வில்லில் மசகைத் தடவிவிட்டார். இழுத்தால் சத்தம் வராது! தம்பி மும்முரமாக இழுத்தான். ஒலி வரவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பயலுக்குப் பரிசு கிடைத்தது!

பிறகு பியானோ கொஞ்ச நாள். அதன்பின் கித்தார். அதை விடவே இல்லை.

கண் பார்வை மிகவும் மங்கல். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. அந்தக் காலத்தில் மேடையில் பாடுகிறவர்கள் கண்ணாடி போடுவது வழக்கம் இல்லை. அழகு கெட்டுவிடும் என்ற எண்ணம். பட்டியும் முதலில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினார். பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார். சின்னதாக வாங்கி மறைப்பதற்குப் பதில், தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியாகவே வாங்கி மாட்டிக்கொண்டார். அதுவே பின்னால் அவருக்கு அடையாளம் ஆயிற்று.

இரண்டு இசைகள் கலந்தன

அப்போது அமெரிக்காவில் வெள்ளையருக்கு ஒரு பாட்டு, கறுப்பின மக்களுக்கு ஒரு பாட்டு என்று தனித்தனியாக இருந்தன. வெள்ளையர் கேட்டது கிராமியப் பாட்டு. கறுப்பின மக்கள் வளர்த்தது தாளம் துள்ளும் பாட்டு. இரவில் தூரத்து வானொலி நிலையங்களைத் திருப்பி, கறுப்பினப் பாடகர்களை ஆசையோடு கேட்ட வெள்ளைப் பையன்களில் பட்டியும் ஒருவர்.

இந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் 'ராக் அண்ட் ரோல்'.

பள்ளித் தோழர் பாப் மாண்ட்கமரியோடு சேர்ந்து உள்ளூர் வானொலியில் பாடிவந்தார். 1955-ம் ஆண்டு எல்விஸ் பிரெஸ்லி லப்பக் நகரத்துக்கு வந்தார். அப்போது அவர் வளர்ந்துவரும் பாடகர். அவர் ஆடிப் பாடியதைப் பார்த்ததும் பட்டிக்குத் தம் வழி தெரிந்துவிட்டது. பிரெஸ்லியின் கச்சேரிக்கு முன்னால் பாடும் வாய்ப்பும் கிடைத்தது.

1956-ல் டெக்கா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. வயது 19. ஒப்பந்தக் காகிதத்தில் அவருடைய குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிற்று. அதைத் திருத்தவில்லை. பிழையான பெயரே உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஆகிவிட்டது.

நாஷ்வில் நகரில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கிராமியப் பாட்டுக்குப் பேர் போன ஊர் அது. அவர்கள் பாணி வேறு. இந்தப் பையனின் பாணி வேறு. வெளிவந்த தட்டுகள் விற்கவில்லை. அங்கே பதிவான ஒரு பாட்டைக் கம்பெனி வெளியிடாமல் மூலையில் போட்டது. அதன் பெயர் 'தட்டில் பீ த டே'. ஜான் வெய்ன் நடித்த 'தி சர்ச்சர்ஸ்' என்ற 1956-ம் ஆண்டுப் படத்தில் கதாநாயகர் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள் அவை. அதெல்லாம் நடக்கிற காரியமா என்பது போன்ற கிண்டல். பட்டியும் அவருடைய நண்பர் ஜெர்ரி அலிசனும் படம் பார்த்துவிட்டு வந்து அதைப் பாட்டாக்கினார்கள்.

ஓராண்டு முடிந்தது. கம்பெனி அவரைக் கைவிட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

விடிய விடியப் பாட்டு

லப்பக் நகரிலிருந்து சுமார் நூறு மைலில், பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில், குளோவிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே நார்மன் பெட்டி என்பவர் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். பெரிய நகரங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடிகாரம் ஓட ஓடப் பாடகனுக்கு வயிற்றைக் கலக்கும். பெட்டி பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. ஏழைப் பையன்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பகலில் சாலையில் லாரிகள் ஓடும் இரைச்சல். ஆகவே இரவில் பதிவு செய்வார்கள். விடிய விடியப் பாடுவார்கள். சரியில்லை என்றால் மறுபடியும் பாடுவார்கள்.

1957-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி அங்கே 'தட்டில் பீ த டே' பாட்டை மறுபடியும் பதிவு செய்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். டெக்கா கம்பெனியில் பதிவு செய்த பாட்டை ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எவருக்காகவும் பாடக் கூடாது என்பது ஒப்பந்த விதி. என்ன செய்வது? பாடகர் பெயரைப் போடாமல், ஒரு குழுவின் பெயரில் வெளியிடலாம் என்று தீர்மானித்தார்கள்.

குழுவுக்குப் பெயர் தேடினார்கள். பூச்சிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். வண்டு என்று வைக்கலாமா என்றுகூட யோசித்து, வேண்டாம் என்று தள்ளினார்கள். கடைசியில் 'கிரிக்கெட்ஸ்' என்று வைத்தார்கள். இது பந்து அடிக்கும் ஆட்டம் அல்ல. ராத்திரியில் கிறீச்சிடும் சுவர்க்கோழி!

அந்தத் தட்டை வெளியிட்டது எந்தக் கம்பெனி தெரியுமா? பிரன்ஸ்விக். அது டெக்காவின் கிளைக் கம்பெனி! முன் வாசலில் துரத்தியவர்களே பின் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். குட்டு வெளிப்பட்டது. ஆனால் பாட்டு விற்பனை ஆகும்போது யார் சண்டை போடுவார்கள்?

1957 செப்டம்பரில் அது அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. நவம்பரில் இங்கிலாந்திலும் முதல் இடம்.

அதன்பின் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். சில பாட்டுகள் 'கிரிக்கெட்ஸ்' என்ற பெயரில் பிரன்ஸ்விக் தட்டாக வந்தன. சில பாட்டுகள் 'பட்டி ஹாலி' என்ற பெயரில் கோரல் தட்டாக வந்தன. கோரலும் டெக்காவின் கிளைதான். ஒரே தொண்டை, இரண்டு பெயர். கடைக்கு வரும் சாதாரண ரசிகர், இரண்டும் ஒருவரே என்று தெரியாமல் போவதும் உண்டு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவும்.

முழங்காலே மத்தளம்

குளோவிஸ் கூடத்தில் அவர்கள் செய்த வேடிக்கைகள் பல.

'எவரிடே' என்று ஒரு பாட்டு. இரண்டு நிமிடம்தான். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலப் பாடுவார். அதில் தாளம் கேட்கும். மத்தளம் அல்ல. ஜெர்ரி அலிசன் தம் இரண்டு முழங்கால்களையும் கையால் தட்டியதுதான் அந்தத் தாளம்! பெட்டியின் மனைவி வய் பெட்டி 'செலஸ்டா' என்ற கருவியை வாசித்தார். பியானோ போலக் கட்டைகள் இருக்கும். அமுக்கினால் சின்ன மணிகள் ஒலிப்பது போல இருக்கும்.

'நாட் ஃபேட் அவே' என்ற பாட்டில் மத்தளத்துக்குப் பதில் ஓர் அட்டைப் பெட்டி.

'பெகி ஸூ' என்ற பாட்டு இதற்கு நேர் மாறு. மழை கொட்டுவது போல மத்தளம் அதிரும். கித்தார் இடைவிடாமல் ஓடும். நடுவே ஹாலியின் குரல் ஒரு சொல்லைப் பல துண்டாக்கி, விக்கல் எடுத்தது போல ஏற்றி இறக்கும். முதலில் அந்தப் பாட்டில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. அலிசன் தம் காதலியின் பெயரைப் போடச் சொன்னார். ஹாலியும் போட்டார். உலகமெல்லாம் ஒரு பெண்ணின் பெயர் பரவிவிட்டது!

அக்காலத்துப் பாடகர்களில் பெரும்பாலோர் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடினார்கள். வாத்தியக்காரர்கள் வேறு. ஹாலி தாமே எழுதினார். தாமே கித்தார் வாசித்தார். தம் கோஷ்டியோடு பாடினார். இரண்டு கித்தார், ஒரு அடிஸ்தாயி வாத்தியம், ஒரு மத்தளத் தொகுதி. இன்று எந்த நாட்டிலும் நாலு பையன்கள் சேர்ந்து ராக் கோஷ்டி ஆரம்பித்தால் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

1957 ஆகஸ்டில் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கில் பாடப் போனார்கள். மேடையில் நான்கு வெள்ளைப் பையன்கள்! முதல் சில காட்சிகளில் கைதட்டல் இல்லை. அவர்கள் விடவில்லை. சில நாட்களில் அதே அரங்கம் ஆரவாரம் செய்தது.

1958 மார்ச் மாதம் இங்கிலாந்துப் பயணம். 25 நாட்கள், ஊர் ஊராகக் கச்சேரி. அங்குள்ள பையன்கள் இப்படிப்பட்ட மின்சாரக் கித்தாரை அதுவரை பார்த்ததில்லை. அதைவிட அவர்களைக் கவர்ந்தது, கண்ணாடி போட்ட ஒரு சாதாரண வாலிபர் மேடையில் நின்று ஜெயித்ததுதான். லிவர்ப்பூல் நகரில் ஜான் லென்னன் என்று ஒரு பையன். அவனுக்கும் பார்வை மங்கல். கண்ணாடி போட வெட்கம். ஹாலியைப் பார்த்த பிறகு அந்த வெட்கம் குறைந்ததாம்.

முதல் சந்திப்பிலேயே கல்யாணப் பேச்சு

1958 கோடையில் நியூயார்க்கில் ஒரு பாட்டுப் பதிப்பகத்துக்கு ஹாலி போனார். வாசலில் வருவோரை வரவேற்கும் வேலையில் ஓர் அழகிய பெண் இருந்தார். பெயர் மரியா எலனா சாண்டியாகோ. போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். ஆண்களோடு வெளியே போய்ப் பழக்கம் இல்லாதவர்.

ஹாலி அவரைச் சாப்பிட அழைத்தார். அந்த முதல் சந்திப்பிலேயே, தம்மை மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார்! அவர் விளையாட்டு என்று நினைத்தார். ஹாலி விளையாடவில்லை. ஆகஸ்ட் 15-ந்தேதி லப்பக் நகரில் பெற்றோர் வீட்டில் திருமணம் நடந்தது.

நியூயார்க்கில் குடித்தனம். ஹாலி ஓய்ந்திருக்கவில்லை. வயலின் முதலிய தந்தி வாத்தியங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு நான்கு பாட்டுகள் பதிவு செய்தார். வீட்டிலேயே ஒலிப்பதிவு இயந்திரம் வைத்து, தனியாகக் கித்தார் மீட்டிப் புதுப் பாட்டுகளையும் பாடி வைத்தார்.

ஆனால் பணம் இல்லை. வரும்படி எல்லாம் நார்மன் பெட்டியின் நிர்வாகத்தில் இருந்தது. ஆண்டு முடிவில் ஹாலி அவரை விட்டுப் பிரிந்தார். கணக்குத் தீரவில்லை, பணமும் கைக்கு வரவில்லை. கிரிக்கெட்ஸ் நண்பர்களோ பெட்டியோடு தங்கிவிட்டார்கள். வீட்டில் மனைவி கர்ப்பம். உலகம் முழுதும் பாட்டு ஒலிக்கிறது. பாடியவர் வீட்டுச் செலவுக்கு யோசிக்கிறார்!

இந்த நிலையில்தான் ஒரு குளிர்காலக் கச்சேரிப் பயணத்துக்கு அழைப்பு வந்தது. ஹாலி ஒப்புக்கொண்டார்.

உறைந்த பஸ்

1959 ஜனவரி 23-ந்தேதி மில்வாக்கி நகரில் பயணம் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு மேல், தினம் ஓர் ஊர். ஊர்களை வரிசையாக வைக்கவில்லை. இன்று கிழக்கே; நாளை மேற்கே; மறுநாள் மறுபடியும் வந்த வழியே. நூற்றுக்கணக்கான மைல். வெளியே எலும்பை ஊடுருவும் குளிர். பஸ்ஸில் சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை. ஒரு பஸ் கெட்டால் இன்னொரு பஸ். அதுவும் கெடும். ஒரு நாள் இரவு நடுவழியில் பஸ் நின்றே போயிற்று. மத்தளக்காரரின் பாதங்கள் குளிரில் விறைத்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிப்ரவரி 2-ந்தேதி. அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற ஊர். அந்த ஊர் முதல் பட்டியலில் இல்லவே இல்லை. சும்மா இருக்கும் நாளை வீணாக்குவானேன் என்று இடையில் சேர்த்தது. சர்ஃப் நடன மண்டபத்தில் கச்சேரி. நல்ல கூட்டம்.

அடுத்த ஊர் மூர்ஹெட். 350 மைலுக்கு மேல். மறுபடியும் அந்தப் பஸ்ஸா? ஹாலிக்கு அலுத்துவிட்டது. பக்கத்து ஊரான மேசன் சிட்டியில் ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பேசினார். முன்னதாகப் போய்ச் சேரலாம், துணி துவைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தூங்கலாம். ஆளுக்கு 36 டாலர் கட்டணம். விமானியைத் தவிர மூன்று பேர்தான் போக முடியும்.

ஹாலியோடு அவருடைய வாத்தியக்காரர்கள் வேலன் ஜென்னிங்ஸ், டாமி ஆல்சப் இருவரும் போவதாக ஏற்பாடு.

'பிக் பாப்பர்' என்று பெயர் பெற்ற ஜே. பி. ரிச்சர்ட்சன் கோஷ்டியில் இருந்தார். அவருக்குக் காய்ச்சல். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. தமக்கு இடம் தரும்படி ஜென்னிங்ஸைக் கேட்டார். ஜென்னிங்ஸ் விட்டுக் கொடுத்தார்.

ரிச்சி வாலன்ஸ் என்ற இளம் பாடகர் ஆல்சப்பை விடாமல் நச்சரித்தார். அவருக்கு 17 வயது. காசைச் சுண்டிப் பார்த்தார்கள். வாலன்ஸ் ஜெயித்தார்.

ஜென்னிங்ஸ் விமானத்தில் வரவில்லை என்று தெரிந்ததும், பஸ் உறைந்து போகட்டும் என்று ஹாலி கேலி செய்தார். அப்படியானால் விமானம் விழட்டும் என்று ஜென்னிங்ஸ் பதிலுக்குக் கேலி செய்தார். நண்பர்கள் பேசிக்கொள்கிற பேச்சு. ஜென்னிங்ஸ் பின்னாளில் பெரிய பாடகர் ஆனார். 2002-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தார். அந்த ஒரு வாக்கியத்தின் பாரம் பல ஆண்டுகள் அவர் மனத்தை அழுத்தியது.

நள்ளிரவு கழிந்து 1 மணி ஆகச் சில நிமிடங்கள். லேசான பனி தூவிக்கொண்டிருந்தது. விமானம் கிளம்பியது. கிளம்பிய இடத்திலிருந்து ஆறு மைலுக்குள் ஒரு சோள வயலில் விழுந்து நொறுங்கியது. இரவில் எவருக்கும் தெரியவில்லை. விடிந்த பிறகு விமானத்தின் சொந்தக்காரர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். நான்கு பேரும் இறந்து கிடந்தார்கள்.

அதிகாரிகள் விசாரித்தார்கள். விமானிக்கு வயது 21. வெளியே ஒன்றும் தெரியாத இருட்டில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அவருக்கு அனுமதிச் சான்று இல்லை. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியும் அவர் பழகியதற்கு எதிர்மாறாகக் காட்டும் ரகம். வானிலை மோசமாகும் என்ற எச்சரிக்கை அவருக்கு எட்டவில்லை.

நியூயார்க்கில் மரியா எலனா உடல் நலம் இல்லாமல் இருந்தார். கணவர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். லப்பக்கில் தாயார் வானொலியில் கேட்டார். அதிர்ச்சியில் மரியாவின் கர்ப்பம் கலைந்தது. திருமணமாகி ஆறு மாதம்கூட நிறையவில்லை. விபத்தில் இறந்தவர்களின் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்லும் முன் வெளியிடக் கூடாது என்ற வழக்கம் அமெரிக்காவில் அதன் பிறகு வலுப்பெற்றது.

ஹாலியை லப்பக்கிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் அவர் பெயரைப் பிழையில்லாமல் பொறித்தார்கள். ஒப்பந்தத்தில் விட்டுப்போன எழுத்து அதில் இருக்கிறது.

தட்டு திறந்த கதவு

இனி அந்தத் தட்டின் கதை.

அந்தக் காலத்துச் சின்னத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான். கொஞ்ச நாள் விற்கும். புதிது வந்ததும் பழையது கடையை விட்டுப் போய்விடும். அப்புறம் தேடினாலும் கிடைக்காது. ஹாலியின் பாட்டுகளோ இரண்டு பெயரில் பிரிந்து கிடந்தன. அவரை அறியாத ஒருவர் புதிதாகக் கேட்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

'பட்டி ஹாலி கதை' அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. கிரிக்கெட்ஸ் பெயரில் வந்ததையும் ஹாலி பெயரில் வந்ததையும் ஒரே தட்டில் கொண்டுவந்தது. 'தட்டில் பீ த டே' இருந்தது. 'பெகி ஸூ' இருந்தது. முழங்கால் தாளம் போட்ட 'எவரிடே' இருந்தது. வயலின்கள் சூழப் பாடிய 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' என்ற பாட்டும் இருந்தது. அந்தக் கடைசிப் பாட்டு, பாடியவர் இறந்த பின் 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது. இனி எதுவானால் என்ன என்பது அதன் தலைப்பின் பொருள். கேட்டவர்கள் கண் கலங்கியதில் ஆச்சரியம் என்ன?

இங்கிலாந்தில் அந்தத் தட்டு ஆண்டுக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் இருந்தது.

குறை இல்லாத தொகுப்பு என்று சொல்ல முடியாது. அட்டைப் பெட்டித் தாளம் போட்ட 'நாட் ஃபேட் அவே' அதில் இல்லை. மனைவிக்காக எழுதிய 'ட்ரூ லவ் வேஸ்' என்ற காதல் பாட்டும் இல்லை. அது 1960-ல் வந்த இரண்டாம் தொகுப்பில்தான் இடம் பெற்றது. நியூயார்க் வீட்டில் அவர் தனியாகப் பாடி வைத்த பாட்டுகள் சிலவற்றுக்கும் வேறு ஆட்களைக் கொண்டு வாத்தியம் சேர்த்து அதில் வெளியிட்டார்கள். ஹாலி இருந்திருந்தால் அப்படித்தான் சேர்த்திருப்பாரா? யார் கண்டது!

எப்போது எந்தப் பாட்டைப் பாடினார் என்ற வரிசையும் தொகுப்பில் கிடைக்காது. நாஷ்வில் தோல்வியும் அதில் தெரியாது. ஆனால் முதன்முதலாகக் கேட்க வருகிறவருக்கு அவை எல்லாம் எதற்கு? கதவு திறந்தால் போதும். உள்ளே போன பிறகு அறை அறையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி உள்ளே போனவர்கள் பலர். லிவர்ப்பூல் பையன்களான ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் 1958-லேயே ஹாலியின் பாட்டில் மயங்கியவர்கள். கையில் இருந்த சில்லறையைச் சேர்த்து அவர்கள் முதன்முதலில் பதிவு செய்த பாட்டே 'தட்டில் பீ த டே'தான். பின்னால் தங்கள் கோஷ்டிக்குப் பெயர் வைக்கும்போது அவர்களும் பூச்சியின் பெயரையே தேடினார்கள். கிரிக்கெட்ஸ் வேண்டாம் என்று தள்ளிய வண்டு இவர்களிடம் வந்து 'பீட்டில்ஸ்' ஆயிற்று. 1964-ல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டி 'நாட் ஃபேட் அவே' பாட்டைப் பாடிப் புகழ் பெற்றது.

ஹாலி இறந்த மறுநாள், வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவன் அந்தச் செய்தியைத் தன் கையில் இருந்த பத்திரிகையில் பார்த்தான். அவன் பெயர் டான் மக்லீன். 1971-ல் அவர் பாடிய 'அமெரிக்கன் பை' என்ற நீண்ட பாட்டு அந்த நாளின் நினைவிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, யார் இந்த ஹாலி என்று கடைக்குப் போய்க் கேட்டது இன்னொரு தலைமுறை.

அவர்களுக்கும் ஒரு தொகுப்பு கிடைத்தது. 1978-ல் இங்கிலாந்தில் ஹாலியின் 20 பாட்டுகளைத் தொகுத்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். அது விற்பனையில் முதல் இடத்துக்கு வந்தது. பாடியவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை வாங்கிய பையன்கள் பலர், அவர் உயிரோடு இருந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

உறைக்குள் இருந்த கண்ணாடி

இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது.

விமானம் விழுந்தபோது ஹாலியின் கண்ணாடி எங்கோ தெறித்துப் பனியில் புதைந்துவிட்டது. தேடியவர்கள் கண்ணில் படவில்லை. வசந்தம் வந்தது. பனி உருகியது. வயலில் அந்தக் கறுப்புச் சட்டக் கண்ணாடி கிடந்தது. எடுத்தவர்கள் அதை மாவட்டப் போலீஸ் அதிகாரியின் அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். அங்கே ஓர் உறையில் போட்டு ஒட்டி, கோப்புகளோடு வைத்தார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1980-ம் ஆண்டு பழைய காகிதங்களைக் கிளறியபோது உறை அகப்பட்டது. பிரித்தார்கள். 21 ஆண்டுகளாக இருட்டில் இருந்த கண்ணாடி வெளியே வந்தது. அதை மரியா எலனாவிடம் சேர்த்தார்கள்.

லப்பக் நகரில் ஹாலியின் பெயரில் ஒரு காட்சியகம் இருக்கிறது. அங்கே அவருடைய கித்தார் இருக்கிறது. பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த மூக்குக் கண்ணாடியும் இருக்கிறது.